முகாமைப் பணிப்பாளர் மருதாயியும் அரை மணித்தியாலமும்

ஆசியாவின் பொருளாதார வரலாற்றை எழுத உட்காரும் எவரும், தெரணியகலைக்கு மேலே எங்கள் இறப்பர் தோட்டத்தின் பழைய புகைக்கூடத்துக்கு வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்க வேண்டும். 1998ஆம் ஆண்டு அங்கேதான் ஒரு தாய், பால்வெட்டும் கத்தியும் கையுமாக, குழந்தைப் பால்மா கம்பனி ஒன்றை நிறுவினார். அவர் பெயர் மருதாயி. தான் கம்பனி நிறுவியது அவருக்குத் தெரியாது. மேதைகளுக்கு இப்படி நேர்வதுண்டு.

இந்த மகத்தான முயற்சிக்கு வித்திட்டவன் நான். பெயர் பஞ்சலிங்கம், சொந்த ஊர் கரவெட்டி, தோட்டத்தின் பெரிய கிளாக்கர். தன்னடக்கம் காரணமாக இதை இரண்டாவது பந்தியில் சொல்கிறேன்.

மருதாயிக்கு அப்போது நிரோஷா என்று மூன்று மாதக் கைக்குழந்தை. குழந்தை தோட்டத்துக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் கிடந்தது. தாய் ஒரு மைலுக்கு அப்பால் இறப்பர் மலையில் பால் வெட்டினார். பத்து மணிக்கு ஓடிப்போய்க் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வர அரை மணித்தியாலம் கேட்டார். கங்காணி மூக்கையா, இறப்பர் பால் வடியும் சிரட்டையைக் காட்டி, விஞ்ஞானபூர்வமாக மறுத்தார்.

"செரட்டையில இருக்க பாலு ஒறைஞ்சிரும். ஒம் பாலு ஒறையவா போவுது?"

ஆகவே மருதாயி என்னிடம் வந்தார்.

"ஐயா, ஒரு பெட்டிசம் எழுதித் தாங்க. புள்ளைக்குப் பால் குடுக்கணும். அரை மணி நேரம் போதுங்க."

கொழும்புத் தலைமைக் காரியாலயத்துக்குச் சிங்களத்தில் எழுதினால்தான் மதிப்பு. நானோ சிங்களப் பரீட்சையில் மூன்றாம் தடவையிலேயே சித்தியடைந்தவன். பால் கொடுப்பதை 'கிரி தெனவா' என்று பச்சையாக எழுதினால் பெரியவர்கள் என்ன நினைப்பார்கள்? 'கிரி சப்பயீம', அதாவது 'பால் விநியோகம்' என்று கௌரவமாக எழுதினேன். 'என் பிள்ளைக்கு' என்பதில் சுயநலம் தெரிந்தது. 'குழந்தைகளுக்கு' என்று மனசை விரித்தேன். 'அரை மணித்தியாலம்' கடிதத்தின் கம்பீரத்தைக் கெடுத்தது. அதை வெட்டிவிட்டேன்.

அந்த மாதம் கொழும்பில் 'தொழிலாளியே முதலாளி' என்றொரு திட்டம் ஆளில்லாமல் காத்துக்கொண்டிருந்தது. என் கடிதம் அதன் கையில் சிக்கியது. பன்னிரண்டாம் நாள் திட்ட அதிகாரி நிலாம் ஜீப்பில் வந்து இறங்கினார். மாவனல்லைக்காரர். அடைமழையிலும் டை கட்டியிருந்தார். பின்னாலேயே லொறியில் பால்மா மூட்டைகளும் வெற்று டின்களும் வந்தன.

"வாழ்த்துக்கள் மருதாயி! இனி நீங்க எம்.டி.!"

"அது என்ன சீக்குங்க?"

"முகாமைப் பணிப்பாளர். கம்பனிக்கே தலைவி."

"நான் அரை மணி நேரந்தானுங்களே..."

"பால் குடுக்கத்தானே கேட்டீங்க? ஒரு பிள்ளைக்கில்ல, ஆயிரம் பிள்ளைக்குக் குடுக்கப் போறீங்க!"

எல்லோரும் கைதட்டினோம். அன்று முதல் நான் மருதாயியை 'நீங்கள்' என்று அழைக்கத் தொடங்கினேன். அவர் என்னை 'ஐயா' என்பதை நிறுத்தும்படி மட்டும் நான் சொல்லவில்லை.

மருதாயி பழைய வேலையையும் விடவில்லை. காலை ஆறு மணியிலிருந்து பத்து வரை மரத்துப்பால். பத்திலிருந்து மாலை வரை மாப்பால். புகைக்கூடத்தில் மூட்டையைப் பிரித்து டின்களில் நிரப்பி, ஒவ்வொரு டின்னிலும் 'தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது' என்ற லேபலை ஒட்டுவார். அது சட்டம், நாங்கள் சட்டத்தை மதிப்பவர்கள். ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அவருடைய சட்டை நனைந்துவிடும். பசையைக் கவனமாகக் கையாளும்படி நிலாம் எழுத்துமூலம் எச்சரித்தார். பிள்ளைக்காம்பராவில் நிரோஷாவுக்கு ஆயா மல்லிகா கரண்டியால் சீனித்தண்ணீர் கொடுத்தாள்.

முகாமைப் பணிப்பாளர் தினமும் லீவு கேட்டார்.

"எம்.டி.க்கு லீவு குடுக்க எனக்கு அதிகாரமில்ல" என்றார் நிலாம். "எம்.டி.தான் குடுக்கணும்."

"எம்.டி. நாந்தானுங்களே?"

"ஓம், நீங்கதான்."

"அப்ப குடுத்துட்டேங்க. போயிட்டு வர்றேன்."

"நில்லுங்க! தான் குடுத்த லீவத் தானே எடுக்கிறது ஊழல் இல்லையா?"

ஊழலுக்கு இடங்கொடாத அந்த நிர்வாகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் புல்லரிக்கிறது.

ஒரே ஒரு சிறு குறை. டின்கள் விற்கவில்லை. தெரணியகலைக் கடைகள் 'பேர் தெரியாத சாமான்' என்று திருப்பி அனுப்பின. பெல்மதுளை வரை போன ஜீப், போன பாரத்தோடேயே திரும்பியது. நான்காம் மாதம் அவசரக் கூட்டம் கூடினோம்.

"எங்கட லயத்து வீடுகளில பால்குடிப் பிள்ளையள் எத்தினை?" என்று நான் கேட்டேன்.

"ஒம்பது" என்றார் நிலாம். "ஒம்பதும் தாய்ப்பால். மருதாயிட பிள்ளையும் ராவையில அதத்தான் குடிக்குது. அது பெரிய போட்டிக் கம்பனி, மிஸ்டர் பஞ்சலிங்கம். சும்மா குடுக்குது. டின் இல்ல, சுடுதண்ணி தேவையில்ல. அத எப்பிடி மூடுறது?"

'ஆராயப்படும்' என்று கூட்டக் குறிப்பில் எழுதினேன். முகாமைப் பணிப்பாளர் மூலையில் உட்கார்ந்து லேபல் ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் அவர் வெறுங்கையோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்ன, இண்டைக்கு லீவுக் கடிதம் இல்லையோ?"

"வேணாங்க ஐயா. இனிப் போயி என்னா செய்ய? பாலு வத்திருச்சு. ரெண்டு நாளா புள்ள சப்பிப் பாத்துட்டுக் கத்துது." பசை காய்ந்த விரல்களைச் சேலையில் துடைத்தார். "ஒரு டின்னு குடுங்க."

பக்கத்து மேசையில் இருந்த நிலாம் கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தார். கெமராவைத் தேடினார். கம்பனியில் விலைபோன முதலாவது டின்னை முகாமைப் பணிப்பாளரிடம் இரண்டு கையாலும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். படம் பிடித்த நான் முகாமைப் பணிப்பாளரின் முகத்தைத் தவறவிட்டுவிட்டேன். ஆனந்தத்தால் என்று அறிக்கையில் எழுதினேன்.

அதே அறிக்கையின் கடைசி வரியை இங்கே பெருமையுடன் தருகிறேன்: மற்றப் பால்மாக் கம்பனிகளுக்கு மாவை மட்டுந்தான் தயாரிக்கத் தெரியும், அதைக் குடித்தே ஆகவேண்டிய குழந்தையையும் நாங்களே தயாரித்துவிட்டோம்.