முடி வளர்ந்ததும் இன்னொரு படம்

கம்ப்யூட்டர் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: அணைத்துவிட்டு மறுபடி போடுவது. நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தபோது, என் நடையைப் பார்த்தால் கம்ப்யூட்டரையே நான்தான் கண்டுபிடித்தேன் என்று நினைப்பீர்கள்.

அப்போது எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. ஒரே ஒரு முறை போனில் பேசியிருந்தோம். அந்தக் குரலுக்கே நான் பாதி சம்மதம். படம் மெயிலில் வரும், அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை. சென்டரில் யாருமில்லை. நைனாவும் அம்மாவும் என் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். (நான் பவுடர் போட்டு, பூ வைத்துக்கொண்டிருந்தேன். அவர் படம் என்னைப் பார்க்கப் போகிறதாக்கும்!)

மெயில் வந்தது. அதோடு ஒட்டி வந்த படத்தை கிளிக் செய்தேன். திறக்கவில்லை.

"இன்னாம்மா, இவ்ளோ நேரம் ஆவுது?" என்றார் நைனா.

"வைரஸ் இருக்கான்னு செக் பண்ணிகினு இருக்கு நைனா."

"அய்யய்யோ, மாப்பிள்ளைக்கு வைரஸா?" அம்மா எழுந்தே விட்டாள்.

வைரஸ் சோதனையை நிறுத்தினேன். பழைய மெயில்களை அழித்தேன். அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். இன்டர்நெட்தான் மெதுவோ என்று போன் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். (படம் எப்போதோ கம்ப்யூட்டருக்குள் இறங்கிவிட்டது, போன் ஒயருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இந்த மேதைக்குத் தோன்றவில்லை.) விஷயம் என்னவென்றால், மனிதர் படத்தைச் சுவரொட்டி அளவுக்குப் பெரிதாக ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். எங்கள் கிழட்டு கம்ப்யூட்டரால் அதைத் தூக்க முடியவில்லை.

கடைசியில் படம் மேலிருந்து கீழாக, கோடு கோடாக வந்தது. முதலில் நீல வானம். பிறகு பளபளவென்று ஓர் உச்சந்தலை. அதோடு நின்றுவிட்டது.

ஆடிக் கிருத்திகை சமயம் அது. ஜன்னலுக்கு வெளியே எங்கே பார்த்தாலும் சந்தனம் பூசிய மொட்டைகள். முடியில்லாத தலைக்கு எங்களூரில் ஒரே அர்த்தம்தான்.

"மொட்டை போட்டுகினு இருக்காரு!" நைனா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "லீவுல வந்தப்போ போட்டிருப்பாரு. எங்க போனாலும் முருகனை மறக்கல பாரு!"

"சீக்கிரம் வளந்துடும்டி," என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்த்து.

எனக்கும் மனசு உருகிவிட்டது. படம் நகர்கிற வழியாக இல்லை, சாயங்காலமோ நெருங்கிவிட்டது. துணிந்து எழுதினேன்: 'எனக்குச் சம்மதம். மொட்டை உங்களுக்கு அழகாக இருக்கிறது. முடி வளர்ந்ததும் இன்னொரு படம் அனுப்புங்கள்.' அதுவரை மக்கர் செய்த கம்ப்யூட்டர், இந்த மெயிலை மட்டும் கண் மூடித் திறப்பதற்குள் அனுப்பிவிட்டது.

மெயில் போன கையோடு, நின்றிருந்த படம் மறுபடி நகரத் தொடங்கியது. நெற்றி வந்தது. நெற்றிக்கு இரண்டு பக்கமும், காதுக்கு மேலே, கருகருவென்று முடியும் வந்தது.

"ஓரத்துல வழிக்காம வுட்டுட்டாங்களா?" என்றார் நைனா, கடைசி நம்பிக்கையோடு.

"ஆங். உங்களுக்கும் அப்டித்தான் வுட்டுட்டாங்களா?" என்றாள் அம்மா. நைனா தன் தலையைத் தடவிக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வழுக்கைக்காக இல்லை. அதற்குள் முகம் முழுசாக வந்திருந்தது. கண்ணிலேயே சிரிக்கிற, எனக்கு ரொம்பப் பிடித்துப்போன முகம். அந்த மனுஷனிடம்தான் முடி வளர்ந்ததும் படம் அனுப்பு என்று சொல்லித் தொலைத்திருந்தேன். பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதில் வந்தது: 'எனக்கும் சம்மதம். நீங்கள் கேட்ட படம் மட்டும் கொஞ்சம் தாமதமாகும்.'

இன்றும் ஒவ்வொரு கல்யாண நாளும் பக்கத்து அறையிலிருந்து எனக்கு ஒரு மெயில் வரும். 'இன்னும் வளரவில்லை' என்று எழுதி, ஒரு படம். இப்போதெல்லாம் தொட்டவுடன் திறந்துவிடுகிறது. அந்த ஓரத்து முடியும் நரைத்துவிட்டது. நானும் விடாமல் பதில் போடுகிறேன்: 'அவசரமில்லை, மெதுவாகவே வரட்டும்.'