பத்து விளைமீனும் கடவுளின் நீதியும்

கூச்சக்காரர்களால் யாருக்கும் தொல்லை இல்லை என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. அது முழுப்பிழை. வாயாடி தொல்லை தரமுன் சத்தம் வரும், நாலு பேர் விலகி நிற்கலாம். கூச்சக்காரி சத்தமில்லாமல் யோசித்து, சத்தமில்லாமல் செய்து முடித்துவிடுவாள். பிறகுதான் வீடு முழுக்கச் சத்தம் கேட்கும். இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம், அந்தக் கூச்சக்காரி நான்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் எங்களுடைய ஊர். என்னைப் பெற்ற ஐயாவுக்குக் கடற்தொழில். நான் பத்தாம் வகுப்போடு நின்று, வீட்டில் தையல் பழகிக்கொண்டிருந்தேன். வயது இருபது. என் குரல் அப்போது எனக்கே சரியாகக் கேட்காது. அப்படிப்பட்ட என்னைக் கூப்பிட்டு, எங்கள் மாதா கோவில் பங்குச் சுவாமி சொன்னார்:

"பிலோமினா, ஞானோபதேசம் படிப்பிக்கிற சிஸ்டர் கொழும்புக்குப் போட்டா. சனிக்கிழமை பெரிய பிள்ளையளின்ரை வகுப்பை நீ எடு. பாடம், கடவுளின்ரை நீதி."

"ஓம் சுவாமி" என்றேன். (மாட்டன் எண்டு சொல்லவும் கூச்சம்.)

பெரிய பிள்ளைகள் பத்துப் பேர். பதினாலு, பதினைந்து வயது. எல்லாம் கடற்தொழில் வீட்டுப் பிள்ளைகள். எதைச் சொன்னாலும் 'அது எப்படி?' என்று கேட்கிற சாதி. நான் நாலு இரவு யோசித்து, திராட்சைத் தோட்டத்து உவமையைத் தெரிவு செய்தேன். விடிய வந்து வெயிலில் வேலை செய்தவனுக்கும், பொழுதுபடுகிற நேரம் வந்தவனுக்கும் தோட்டத்துச் சொந்தக்காரன் ஒரே கூலி கொடுத்த கதை. ஆனால் எங்கள் பிள்ளைகள் திராட்சைத் தோட்டத்தைக் கண்டார்களா? மீனைக் கண்டவர்கள். மீனை வைத்துக் காட்டினால் என்ன?

இந்த யோசனை வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. (புளியங்கொட்டையை வைச்சுக் காட்டியிருக்கலாம் எண்டு இப்ப எல்லாரும் சொல்லுவினம். அப்ப ஒருத்தரும் சொல்லேல்லை.)

அதே சனிக்கிழமை மத்தியானம் இளவாலையில் இருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்கென்று ஐயா அன்று விடிய கொண்டுவந்த மீனில் திறமானதாகப் பத்து விளைமீன் எடுத்துவைத்திருந்தார். அச்சில் வார்த்ததுபோல பத்தும் ஒரே அளவு. "சம்பந்தத்துக்கு வாற சனம், கரையார் வீட்டுச் சாப்பாடு எண்டால் என்ன எண்டு பாக்கட்டும்" என்றார். மீனைப் பனையோலைக் கடகத்தில் ஈரச்சாக்கு போட்டு மூடிவிட்டு, அம்மா நீர்வேலி வாழைப்பழம் வாங்கச் சந்தைக்குப் போனார். ஐயா நித்திரை.

பத்துப் பிள்ளைகள், பத்து மீன். கடவுளே கணக்குப் பார்த்து அனுப்பியதுபோல இருந்தது. வகுப்பு ஒன்பதரைக்கு முடியும். மீனைக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தால் அம்மா வரமுன் கடகம் இருந்த இடத்தில் இருக்கும். அப்படித்தான் திட்டம்.

வகுப்புப் பிள்ளைகளில் ரெஜினா கோவில் மண்டபத்துக்கு ஏழு மணிக்கே வந்துவிட்டாள். மண்டபத்தைக் கூட்டி, இருக்கிற வாங்குகளைத் துடைத்து, தண்ணீர் அள்ளி வைத்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஜெறோம் வந்தது வகுப்பு முடியக் கால் மணித்தியாலம் இருக்கும்போது. கன்னத்தில் பாய் அச்சு.

எனக்கு அவனைக் கண்டதும் வந்த சந்தோஷத்தை வேறு எந்த ஆசிரியரும் அனுபவித்திருக்க மாட்டார். கடைசி ஆள் வந்துவிட்டான்! உவமை நடந்து வருகிறது! கடகத்தைத் திறந்து பத்து மீனையும் பாயில் வரிசையாக அடுக்கினேன். பத்துத் தலையும் ஒன்றாகக் குனிந்தன.

"இப்ப நான்தான் தோட்டத்துச் சொந்தக்காரன். இது கூலி. ஆளுக்கு ஒண்டு."

"ரீச்சரக்கா," என்றான் அன்ரன். சம்மாட்டியின் மகன். பத்துப் பேர் தொழிலுக்குப் போகிற வள்ளத்துக்குச் சொந்தக்கார வீடு. "மீன் எண்டால் முறையாக் கூறு போடோணும். நீங்கள் அங்காலை திரும்பி நில்லுங்கோ. நான் கூறைத் தொட்டுக் கேப்பன். நீங்கள் பேரைச் சொல்லுங்கோ."

எங்கள் கரையில் அப்படித்தான் மீன் பங்கிடுவார்கள். முதுகைக் காட்டி நிற்பவருக்கு எந்தக் கூறு என்று தெரியாது; ஆகவே ஓரவஞ்சனை இல்லை. கடவுளின் நீதிக்கு இதைவிட நல்ல உதாரணம் ஏது! நான் துள்ளிக்கொண்டு திரும்பி நின்றேன்.

"இது ஆருக்கு?"

"ஜெறோமுக்கு!"

மண்டபம் வெடித்தது. "இப்ப வந்தவனுக்கோ முதல் கூறு?" "எங்கடை கரையிலை இப்பிடிக் கேட்டால் துடுப்பாலை அடி விழும்!"

நான் விடவில்லை. ஒன்பது பேரையும் சொல்லி, கடைசியாக ரெஜினாவின் பேரைச் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் ஏழு மணிக்கு வந்தனான், அக்கா."

"உனக்குச் சொன்னது ஒரு மீன். கிடைச்சதுதானே?"

"ஓம். ஆனால் ஜெறோமின்ரை கையைப் பாத்தாப் பிறகு என்ரை மீன் சின்னனாத் தெரியுது."

"அதுதானடி பாடம்!" என்று கத்தினேன். உண்மையாகவே கத்தினேன். மரத்துக் காகம் பறந்தது. மீன் சின்னதாகவில்லை, பார்க்கிற கண்தான் பக்கத்துக் கைக்குப் போனது, கடவுள் ஒருவருக்கும் குறைத்துக் கொடுப்பதில்லை, தன்னுடையதில் கூட்டித்தான் கொடுக்கிறார் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பத்துப் பேரும் வாயைத் திறந்து கேட்டார்கள். என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் பேச, மற்றவர்கள் கேட்டார்கள்.

பிறகு சொன்னேன்: "சரி, பாடம் முடிஞ்சுது. மீனைத் தாங்கோ, கொண்டுபோகோணும்."

ஒரு கையும் நீளவில்லை.

"ரீச்சரக்கா," என்றான் அன்ரன், மிகவும் மரியாதையாக. "பேர் சொன்ன கூறு."

பேர் சொல்லிக் கொடுத்த கூறை எங்கள் கரையில் ஒருவரும் திருப்பி எடுப்பதில்லை. எடுத்த வீட்டோடு ஒருத்தரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். பிறந்த நாளில் இருந்து தெரிந்த விஷயம். திரும்பி நிற்கிற சந்தோஷத்தில் அது மறந்துபோனது.

"இது... பாடத்துக்கு மட்டும்..."

"அப்ப கடவுள் எல்லாருக்கும் குடுத்ததும் பாடத்துக்கு மட்டுமோ? பிறகு வந்து திருப்பி வாங்குவாரோ?" என்று கேட்டான் அன்ரன்.

பின்னால் தொண்டையைச் செருமுகிற சத்தம். வாசலில் சுவாமி. "நல்ல கேள்வி," என்றார். "என்ன மறுமொழி, பிள்ளை?"

மத்தியானச் சாப்பாடு, ஐயாவின் மானம், இளவாலைச் சம்பந்தம் மூன்றும் என் கண்முன்னால் நீந்திப்போயின.

"வாங்கமாட்டார், சுவாமி," என்றேன்.

பத்து மீனும் பத்துத் திசையில் போயின. நான் வெறுங்கடகத்தோடு வீட்டுக்குப் போனேன்.

"எடியே, மீன் எங்கை?"

"கூறு போட்டிட்டன், அம்மா."

"ஆருக்கடி?"

"கடவுளின்ரை நீதிக்கு."

அம்மா வாழைக்குலையோடு நிலத்தில் இருந்துவிட்டார். ஐயா விஷயம் கேட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சந்தைக்கு ஓடி, வெறுங்கையோடு வந்தார். அந்த நேரத்தில் மிஞ்சியிருந்தது கருவாடு. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கடற்தொழில்காரன் வீட்டில் கருவாடு!

மாப்பிள்ளையின் தாயும் மாமாவும் பன்னிரண்டு மணிக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையைக் காணவில்லை. சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டதாம், பின்னால் வருகிறாராம். அம்மா பருப்பையும் கத்தரிக்காயையும் வைத்து நேரம் கடத்திக்கொண்டிருந்தபோது, பின்வாசலில் ரெஜினாவின் தாய். கையில் மூடிய கறிக்கோப்பை. ஐயா சந்தைக்கு ஓடினதில் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது.

"மீனைத் திருப்பித் தரக்கூடாது," என்றார். "கறியைத் தரக்கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே."

அவருக்குப் பின்னால் அன்ரன் வீட்டுச் சட்டி. அதற்குப் பின்னால் இன்னொன்று. பொரியல், புளி விட்டது, பால் விட்டது, முருங்கையிலை போட்டது என்று ஒன்பது வீட்டுக் கறி வந்தது. வந்தவர்கள் வாயில் வைக்கிற ஒவ்வொரு கறியும் ஒவ்வொரு கைப்பக்குவம்.

"பிள்ளை, இவ்வளவும் நீயோ வைச்சது?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார்.

அம்மா என் காலை மிதித்தார். நான் 'ஓம்' என்று தலையாட்டியிருக்கலாம். ஆனால் காலையில் திறந்த வாய் இன்னும் மூடவில்லை. கடகத்தில் தொடங்கி, கூறு, ஜெறோம், சுவாமி என்று முழுக்கதையையும் கையைக் காலை ஆட்டிச் சொல்லிமுடித்தேன். சொல்லிமுடித்த பிறகுதான் பார்த்தேன். வாசலில் வேர்த்து விறுவிறுத்து, கையெல்லாம் சைக்கிள் கிறீஸோடு மாப்பிள்ளை நிற்கிறார். பாதியில் இருந்தே கேட்டுக்கொண்டு நின்றாராம். அவருக்குப் பின்னால், பத்தாவது கறியோடு, ஜெறோம்.

"நாங்கள் ரெண்டு பேரும் பிந்தி வந்தனாங்கள்," என்றார் மாப்பிள்ளை. "எங்களுக்கும் அதே பங்கு இருக்கோ?"

அவருடைய தாய் சிரித்த சிரிப்பில் சொதி கொட்டுப்பட்டது. "கூச்சக்காரப் பிள்ளை எண்டு புரோக்கர் சொன்னவர். அவரைத்தான் பிடிக்கோணும்."

அடுத்த மாதம் அதே சுவாமிதான் எங்களுக்குக் கலியாணம் கட்டிவைத்தார். எங்கள் இருவரின் பேரையும் சொல்லும்போது என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாரென்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

இப்போது என் பிள்ளைகளே அந்த வயதுக்கு வந்துவிட்டார்கள். வீட்டில் யார் பிந்திச் சாப்பிட வந்தாலும் அவர் பேர் ஜெறோம். எனக்குக் கோபம் வந்து, "உங்களைக் கட்டினதே பெரிய பிழை, உங்கடை அம்மாவிட்டைத் திருப்பிக் குடுத்திட்டு வாறன்" என்று கத்தினால், இவர் சோற்றுக்கோப்பையில் இருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்வார்:

"ஏலாது ரீச்சரக்கா. பேர் சொன்ன கூறு."