பெண் பார்க்காத புரோகிராம்

யாருக்கும் காட்டாமல் ஒரு வேலையை முடித்து, கடைசியில் எல்லாரையும் அசத்திவிடலாம் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் நான் இன்றும் இரண்டு அடி தள்ளியே நிற்பேன். தொண்ணூறுகளில், காரைக்குடியில், நானும் அப்படி ஒருவனாக இருந்தேன்.

மாடியில் ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர், மூன்று பேர். நான் தலைவன் (சுழல் நாற்காலி என்னிடம் இருந்தது, வேறு தகுதி இல்லை). ஸ்டெல்லாவும் ரஹீமும் புரோகிராம் எழுதினார்கள். நகரத்தார் குடும்பங்களுக்கு வரன் பார்த்துக் கொடுத்த மீனாட்சி ஆச்சிக்கு, ஜாதகங்களைப் போட்டால் ஜோடி சேர்த்துச் சொல்லும் புரோகிராம் வேண்டியிருந்தது. எங்களுக்கு வந்த முதல் வேலை அது. தேறாவிட்டால் கடையை மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"சார், ஆனவரைக்கும் ஆச்சிகிட்ட ஒருதடவ காட்டிருவமா?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"முகூர்த்தத்துக்கு முன்னாடி மணப்பொண்ண யாராச்சும் வெளிய காட்டுவாகளா?"

"பொண்ணு பாக்க வருவாகள்ல, சார்?"

ரஹீம் சிரித்துவிட்டான். நான் முறைத்தேன். அதன்பிறகு இருவரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அந்த அமைதியை நான் ஒற்றுமை என்று எடுத்துக்கொண்டேன்.

முடிந்ததும் ஆச்சியை அழைத்தோம். அவர் ஒரு பெண்ணின் அப்பா அம்மாவையும் கூட்டிவந்திருந்தார். விவரங்களைத் தட்டினேன். திரையில் முதலில் வந்த மாப்பிள்ளையின் பெயரை, 'மிகச் சிறந்த பொருத்தம்' என்பதோடு சேர்த்து உரக்க வாசித்தேன். பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார்.

ஆச்சி கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, ரெண்டும் ஒரே கோயிலு, ஒரே பிரிவு. அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா முடிச்சு வைக்கப் பாக்குறீக?"

நகரத்தாரில் ஒரே கோயில், ஒரே பிரிவைச் சேர்ந்தவர்கள் உடன்பிறந்த முறை. நானோ தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கன். சொந்த மாதாகோயிலிலேயே பெண் அமைந்தால் எங்கள் வீட்டில் அத்தனை சந்தோஷப்படுவார்கள். அந்த ஞானத்தில், கோயில் ஒன்றாக இருந்தால் கூடுதல் மதிப்பெண் போடச் சொன்னதே நான்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார் ஆச்சி.

நான் சுழல் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். ஸ்டெல்லாதான் முன்னால் வந்தாள். "நாங்க சரியாக் கவனிக்கல ஆச்சி. இனிமே வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம செஞ்சத வந்து காட்டுறோம். தப்பிருந்தா அப்பவே எங்கள வையுங்க."

கவனிக்காதவன் நான் ஒருவன்தான். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று பட்ட வெட்கத்தைவிட அந்த நன்றிதான் எனக்கு இன்னும் பெரிதாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமைதோறும் ஆச்சி வைதார். நாங்கள் மூவரும் சேர்ந்து வாங்கிக்கொண்டு, புரோகிராமை மாற்றினோம். கடை பிழைத்தது. செய்ததை அவ்வப்போது வாடிக்கையாளரிடம் காட்டு, கூட இருப்பவர்களைப் பேசவிடு என்று இப்போது அலுவலகத்தில் வகுப்பு எடுக்கிறார்கள். நான் பவ்வியமாகத் தலையாட்டுகிறேன்.

பிறகு எனக்கு ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க எங்கள் வீட்டிலிருந்து போனோம். பெரியவர்கள் நிறைந்த கூடத்தில் காபியை நீட்டியபடி அவள் சொன்னதைத்தான் எங்கள் பிள்ளைகள் இன்றும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நடித்துக் காட்டுகிறார்கள்:

"நல்லாப் பாத்துக்கங்க, சார். இது வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம மாத்த முடியாது."