பொத்தான் அக்காவின் தாடைக்கு அனுமதி

அரசுச் சீருடைத் தையற்கூடத்தில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு வீட்டில் வைத்த பெயர் வாசலோடு நின்றுவிடும். உள்ளே போனால் சட்டையின் எந்தப் பாகத்தைத் தைக்கிறாரோ அதுதான் பெயர். பாக்கெட் தைக்கிறவர் பாக்கெட் மாமா. காலர் தைக்கிற இளைஞன் காலர் தம்பி. நாட்டின் காவலர், தபால்காரர், தீயணைப்பு வீரர் அனைவருக்கும் பொத்தான் வைத்து அனுப்புகிறவள் பொத்தான் அக்கா.

அக்காவுக்கு வயது நாற்பத்திரண்டு. கடைவாய்ப் பற்கள் சேர்ந்தாலும் முன்பற்கள் சேராது. நடுவில் ஒரு விரல் நுழையும். எல்லாப் பெண்களும் நூலைப் பல்லால் கடித்து அறுக்கும்போது இவள் மட்டும் கத்தரிக்கோலைத் தேடுவாள். ஆப்பிள் என்றால் அதற்கும் கத்தரிக்கோல். கொட்டாவி விட்டால் தாடை 'டக்' என்று சத்தம் போடும். பிறகு காதுவரை வலி இழுக்கும். பேசும்போது கொஞ்சம் காற்று தப்பும். ஆனால் நியாயம் தப்பாது. கூடத்தில் விசிறி ஓடாவிட்டாலும், கழிவறையில் தண்ணீர் வராவிட்டாலும், அதிகாரியின் அறைக்குப் போய்க் கேட்கிற வாய் அந்த ஒரே வாய்தான். மற்றவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, தைரியமாக மூச்சு விடுவார்கள்.

வலி பொறுக்க முடியாமல் அக்கா மருத்துவமனைக்குப் போனாள். தாடை டாக்டர் கெட்டிக்காரப் பெண்மணி. படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எலும்பை வெட்டி நேரா வெச்சுடலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் பல்லுக்குக் கம்பி போடணும். இத்தனை வருஷமா உங்க பல்லெல்லாம் சாய்ஞ்சு சாய்ஞ்சு தாடையோட கோணலை மறைச்சுக்கிட்டு இருக்கு. கம்பி போட்டா பல்லு நிமிரும். அப்பத்தான் உண்மையான கோணல் வெளியே தெரியும்."

"அப்ப மொதல்ல இன்னும் மோசமாகுமா டாக்டர்?"

"ஆமா. நடுவுல நிறுத்தினா இப்ப இருக்கறதைவிடக் கஷ்டம். ஆரம்பிச்சா முடிக்கணும்."

லாரி ஓட்டும் வீட்டுக்காரர், புது டயருக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கம்பிக்குக் கொடுத்தார். "டயர் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். நீ கடி," என்றார். அறுவைச் சிகிச்சைச் செலவு மட்டும் அவர்கள் கைக்கு எட்டாதது. அதற்குத்தான் ஊழியர் நலத் திட்டம் இருக்கிறது. மாதாமாதம் சம்பளத்தில் தவறாமல் பிடிக்கிறார்களே!

கம்பியோடு கூடத்துக்கு வந்த முதல் நாள் காலர் தம்பி அசந்துபோனான். "அக்கா! கம்பியில ஊதா ரப்பரா? எங்க போட்டீங்க? சினிமாக்காரங்க எல்லாம் இப்ப இதுதான் போடறாங்க." அந்த வாரமே அவனும், நேரான பல்வரிசை மேல், வெறும் அழகுக்கு ஒரு கம்பி மாட்டிக்கொண்டு வந்தான். ஒட்டுக் கம்பி. சாப்பிடும்போது கழற்றி மேல்சட்டைப் பையில் வைத்துக்கொள்வான்.

ஊர் நடுவில் ஒரு புன்னகை நிலையம் திறந்திருந்தார்கள். விலை விசாரிக்கலாம் என்று அக்கா அங்கேயும் ஏறி இறங்கினாள். வாசனை அடிக்கிற அறையில் ஆலோசகி ஒருத்தி அவள் முகத்தைக் கணினியில் ஏற்றித் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"மேடம், தாடையோட சேர்த்து எடுத்தீங்கன்னா கன்னக்குழி இலவசம்."

"குழி வேண்டாம்மா. கடிக்கணும்."

"கடிக்கறது எங்க பேக்கேஜ்ல வராது மேடம். சிரிக்கறது மட்டும்தான்."

ஆகவே அக்கா, விசிறிக்கும் தண்ணீருக்கும் போய் நிற்கிற அதே அதிகாரியின் மேசைக்கு வந்து சேர்ந்தாள்; ஊழியர் நலமும் அவர் பொறுப்புதான். அதிகாரியின் பற்கள் பளீரென்று மின்னின. போன நிதியாண்டில் 'பதவிசார் தோற்ற மேம்பாடு' என்ற தலைப்பின் கீழ் அரசுச் செலவில் வெளுக்கப்பட்ட பற்கள் அவை.

"தாடையா? இது அழகுச் சிகிச்சை. அழகுக்குத் திட்டத்துல இடமில்லை," என்றார், அத்தனை பல்லும் தெரிய.

"அழகுக்கு இல்ல சார். கடிக்க முடியலை. நூலைக்கூட அறுக்க முடியலை."

"நூல் அறுக்கத் துறை கத்தரிக்கோல் வழங்கியிருக்கே. கத்தரிக்கோல் வழங்கப்பட்ட ஊழியருக்கு முன்பல் அத்தியாவசியம் ஆகாது."

"வீட்டுல சாப்பிடணுமே சார்."

"வீடு எங்க துறையின் கீழ் வரலை."

அக்கா விடுவாளா? மேல்முறையீடு செய்தாள். அதன்படி கடிப்புச் சோதனைக் குழு ஒன்று முறையாகக் கூடியது. ஒரு தட்டில் பிஸ்கட் வைத்தார்கள். அக்கா முன்பல்லில் வைத்துக் காட்டினாள். பிஸ்கட் சேதமில்லாமல் வெளியே வந்தது. "ஏதாவது ஒரு விதத்துல முயற்சி பண்ணுங்க," என்று குழு வற்புறுத்தியது. கடைவாயில் வைத்தாள், உடைந்தது. 'விண்ணப்பதாரர் கடித்தார்' என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்து, மீதி பிஸ்கட்டைத் தானே தின்று கலைந்தது.

மாதங்கள் ஓடின. டாக்டர் சொன்னபடியே பற்கள் நிமிர்ந்தன. நடுவில் இப்போது இரண்டு விரல் நுழைந்தது. சோற்றையே நசுக்கி விழுங்க வேண்டிய நிலை. இனித் திரும்பவும் முடியாது, முன்னே போகவும் பணமில்லை. புதுப் படத்தோடு மறுபடி போனாள். அதிகாரி பழைய படத்தையும் புதுப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாருங்க. முதல்ல வந்தப்ப இடைவெளி கம்மி. இப்ப ஜாஸ்தி. நடுவுல என்ன பண்ணீங்க?"

"போட்ட கம்பி பல்லை நிமிர்த்திடுச்சு சார். ஆபரேஷனுக்கு முன்னாடி போட்டே ஆகணும்."

"அதாவது, சொந்தச் செலவுல, சுயநினைவோட, உடம்புக்கு நீங்களே சேதம் உண்டாக்கிட்டீங்க. தனக்குத் தானே செய்துகொண்ட காயத்துக்குத் திட்டம் பொறுப்பில்லை."

அக்காவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாசல் காவலருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினாள். மாதாமாதம் பிடித்த பணம் எங்கே என்று கேட்டாள். வெளுத்த பல்லுக்கு எந்த வியாதி என்று கேட்டாள். கூட வந்திருந்த வீட்டுக்காரர்தான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"போதும்மா, தாடை வலிக்கும். சார், அவளை மன்னிச்சுக்கங்க. இனிமே ஆபரேஷன் ஆனா ஆறு வாரம் வாயே திறக்க முடியாது. மேல் தாடையையும் கீழ் தாடையையும் ரப்பர் போட்டுக் கட்டிடுவாங்களாம். ஒரு வார்த்தை பேச முடியாது, பாவம். அதை நினைச்சுத்தான் இப்பவே பேசித் தீர்த்துக்கறா."

அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது.

"ஒரு வார்த்தைகூடவா?"

"முணுமுணுக்கலாம் சார். எதிர்ல இருக்கறவங்களுக்குப் புரியாது."

"ஆறு வாரமா?"

"ஆமா சார்."

அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கண்ணில் முதல் முறையாகக் கருணை சுரந்தது. "நம்ம ஊழியர் ஒருத்தர் இப்படிக் கஷ்டப்படறதைப் பார்த்துக்கிட்டுத் துறை சும்மா இருக்க முடியுமா?" என்றார். முழுத் தொகையும் அன்று மாலையே அனுமதிக்கப்பட்டது. ரப்பர் மட்டும் உயர்தரமாக இருக்க வேண்டும் என்று தன் கைப்பட ஒரு குறிப்பும் சேர்த்தார்.

அறுவைச் சிகிச்சை பிரமாதமாக முடிந்தது. முகம் பூசணியாக வீங்கி வடிந்தது. கண்ணாடியில் பார்த்த அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது: முன்பல்லோடு முன்பல் தொட்டுக்கொண்டு நின்றது. ஆனால் விடுப்பு இரண்டு வாரத்துக்கு மேல் கிடைக்கவில்லை. பொத்தான் வைப்பதற்கு வாய் தேவையில்லை என்பது துறையின் கருத்து. வாயைக் கட்டியபடியே, குழலில் கஞ்சி உறிஞ்சிக்கொண்டு, கழுத்தில் ஒரு சின்ன எழுதுபலகையைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

அவள் வந்த அன்றே அறிவிப்புப் பலகையில் புது ஆணை ஒட்டியிருந்தது. தேநீர் இடைவேளை ரத்து. மறுநாள் இன்னொன்று: விசிறிகள் ஒன்றுவிட்டு ஒன்று ஓடும். அடுத்த நாள்: கழிவறைக்குப் போக முன்னனுமதி.

கூடமே அக்காவின் மேசையைச் சுற்றிக் கூடியது. அக்கா பலகையில் எழுதிக் காட்டினாள்: 'போய்க் கேளுங்க.'

"நாங்களா?" என்றார் பாக்கெட் மாமா.

அக்கா அதன் கீழே கோடு போட்டாள்.

"நீ இல்லாம எப்படிம்மா? எங்களுக்கு உன்னை மாதிரிப் பேச வராதே."

'என் வாய்ல ரப்பர். உங்க வாய்ல என்ன?' என்று எழுதிப் பலகையை 'டொக்'கென்று மேசையில் வைத்தாள். எல்லாரும் அதை வாசித்துவிட்டு மிக ஆழமாக யோசித்தார்கள். யோசித்து, அன்று மாலை வேலை முடிந்ததும், ஒரு கூட்டமாகத் திரண்டு, கை கோத்து, ஒரே மனதாகப் புறப்பட்டார்கள். தையற்கூட வரலாற்றில் அப்படி ஓர் ஊர்வலம் நடந்ததில்லை. அதிகாரியின் அறையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, நேராக மருத்துவமனைக்குப் போனார்கள்.

"டாக்டர், அக்காவோட ரப்பரை உடனே வெட்டி விடணும்," என்றான் காலர் தம்பி.

டாக்டர் திடுக்கிட்டார். "ஐயோ, எலும்பு இன்னும் சேரலை. இப்ப வெட்டினா எல்லாம் வீணாயிடும். என்ன அவசரம்?"

"அவங்க பேசணும் டாக்டர். டீ போச்சு, காத்து போச்சு, கழிவறைக்குக்கூட அனுமதி கேக்கணுமாம்."

"அதை நீங்க பேசக் கூடாதா?"

ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நகர்ந்தார்கள். டாக்டருக்குத் தொழில்ரீதியான சந்தேகம் வந்துவிட்டது. விளக்கை இழுத்து, ஒவ்வொருவராக உட்கார வைத்தார். திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார், பக்கவாட்டில் அசைக்கச் சொன்னார். நாற்பது பேருக்கும் பார்த்து முடித்துக் கையுறையைக் கழற்றினார்.

"ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லையே! எல்லாத் தாடையும் அருமையா வேலை செய்யுது."

பாக்கெட் மாமா வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கும்பிட்டார்.

"டாக்டர், எங்க தாடை நல்லா இருக்கற விஷயம் அதிகாரி காதுக்கு மட்டும் போயிடாம பார்த்துக்கங்க."