முட்டைக்கோஸ் ஜாடிக் கல்

“விழ மாட்டேங்குதே, டாக்டர் ஐயா!” என்றார் வென்சல்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு மெல்லிய தங்க இதழ்கள் விரிந்து நின்றன. பக்கத்தில் ரேடியம் இருந்தால் அவை தொய்ந்து விழும். வென்சலின் சத்திரத்துச் சாப்பாட்டு அறையிலோ கால் மணி நேரமாக விறைத்து நின்றன. வியன்னாவிலிருந்து வந்திருந்த டாக்டர் லைட்னர் கடிகாரத்தைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார்.

ரேடியச் சுரங்கத்தால் பேர்பெற்ற யோவாகிம்ஸ்டாலில், நோய் தீர வருகிறவர்களுக்கு ரேடியம் குளியல் உண்டு, ரேடியம் ரொட்டி உண்டு, ரேடியம் சவரக்கடைகூட உண்டு. ஊரே சுரங்கக் கல்லில் வீடு கட்டியபோது வென்சலின் தாத்தா மட்டும் மரத்தில் கட்டித் தொலைத்திருந்தார். ரேடியம் இல்லாத சத்திரத்துக்கு இரண்டு குளிர்காலமாக விருந்தாளி என்று ஒருவரும் வரவில்லை. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் சத்திரத்தைப் பூட்டிவிட்டு, மனைவி ஒட்டிலி கார்ல்ஸ்பாட் நகரத்தில் ஓட்டல் துணி துவைக்கப் போக வேண்டியதுதான்.

“எங்க ஆராய்ச்சிக்கு வருஷம் முழுக்க ஒரு வீடு வேணும்,” என்றார் டாக்டர். “அது எப்படிப்பட்ட வீடுன்னா...”

“தெரியும் ஐயா, தெரியும்! ஒரு நிமிஷம்!” வென்சல் நிலவறைக்கு ஓடி, தூசி படிந்த ஒரு புட்டியோடு வந்தார். “சுரங்கத்துத் தண்ணி. இருபத்துநாலு நாளா ஒயின் மாதிரி பழசாக்கி வச்சிருக்கேன்.”

புட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்தும் இதழ்கள் அசையவில்லை. டாக்டர் சிரித்துவிட்டார்.

“இதுல இருந்தது ரேடியத்துலேர்ந்து பிறக்கிற வாயு. அணுவுக்கு நடுவுல ஒரு கரு இருக்கு. இந்த வாயுவோட கரு தானா உடையும். எது எப்ப உடையும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா மொத்தமாப் பார்த்தா, நாலு நாளைக்கு ஒருதரம் பாதி காலி.”

“அப்ப எட்டு நாள்ல முழுசும் காலியா?” என்றாள் ஒட்டிலி.

“இல்லம்மா, கால் பங்கு மிஞ்சும். இருபத்துநாலு நாள்ல அறுபத்துநாலுல ஒரு பங்கு.”

“கல்யாணமானதுலேர்ந்து இவர் புத்தியும் அப்படித்தான் போயிட்டிருக்கு.”

“ஒரே ஒரு தரம் அளந்ததை நம்பக்கூடாது. சாப்பிட்டு வந்து இன்னொரு தரம் பார்த்து முடிவு சொல்றேன்,” என்று டாக்டர் கிளம்பினார்.

வென்சல் சுரங்கத்துக்கு ஓடி இரண்டு குடம் புதுத் தண்ணீர் கொண்டுவந்தார். சட்டை மாற்றிவிட்டு வருவதற்குள் அது அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

“அடிப்பாவி! வாயு எல்லாம் போச்சே!”

“விருந்தாளிக்குப் பச்சைத்தண்ணியா கொடுப்பாங்க?” என்றாள் ஒட்டிலி. “ஆனா ஒண்ணு, பக்கத்து வீட்டுக் கிரெசென்ஸ் அக்கா கிட்டயும் காலையில அளந்தாராம். அங்க இதழ் பொத்துனு விழுந்துச்சாம்.”

கிரெசென்ஸின் வீடும் மரவீடுதான். ஆனால் ஊறுகாய் ஜாடியில் முட்டைக்கோஸ் மிதக்காமல் அமுக்கி வைக்க, சுரங்கத்தில் வேலை பார்த்த புருஷன் கொண்டுவந்த, ரேடியம் உள்ள கறுப்புக் கல்லைத்தான் போட்டிருந்தாள். வென்சல் வேலியைத் தாண்டினார்.

“அக்கா, அந்தக் கல்லைக் கொஞ்சம் குடுங்க. சாயங்காலம் தந்துடறேன்.”

“கோஸ் மிதக்குமே, தம்பி!”

“இந்த இஸ்திரிப் பெட்டியை வைங்க.”

புளித்த வாடையோடு வந்த கல் நேராக மேஜை இழுப்பறைக்குள் போனது. மேலே டாக்டரின் பெட்டி. டாக்டர் வந்தார், மூக்கைச் சுளித்தார், இதழ்களுக்கு மின்னேற்றினார். நாற்காலியில் உட்காருவதற்குள் இரண்டும் விழுந்தன.

“விழுந்துடுச்சு!” வென்சல் ஒட்டிலியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

டாக்டரின் முகம் வாடியது. “காலையில தப்பா அளந்துட்டேன் போல.”

“ஆமாங்க ஐயா, ரொம்பத் தப்பு!”

“அப்படின்னா பக்கத்து வீட்டையும் திரும்பப் பார்க்கணும்.” பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“யார் வீட்ல ரேடியம் அதிகம்னு ஒப்பிட்டுப் பார்க்கிறார்,” என்றார் வென்சல். ஒட்டிலி நல்ல படுக்கை விரிப்புகளை எடுத்து உதறினாள். இருவருக்கும் நீண்ட நாளுக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

ஒரு மணி நேரத்தில் கிரெசென்ஸ் இஸ்திரிப் பெட்டியும் கையுமாக மூச்சிரைக்க வந்தாள்.

“அந்தக் கல்லை நீயே வச்சுக்க தம்பி, ஆராய்ச்சிக்கு ரேடியமே இல்லாத வீடுதான் வேணுமாம், ஊர்லயே அப்படி இருக்கிறது என்னுது ஒண்ணுதான்னு சொல்லி டாக்டர் இப்பத்தான் சாவி வாங்கிட்டுப் போறாரு!”