வழுக்குப் பூச்சும் படகுப் பூசையும்

எங்கள் குடும்பத்தில் தொடக்கப்பள்ளியைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான்தான். யாரும் கேட்காமலேயே இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். ஒருமுறை எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொன்னேன். (அவர் அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டார்.) அப்பேர்ப்பட்ட படிப்பாளி, அரை டன் படகையும் அதில் உட்கார்ந்திருந்த முதலாளியையும் ஒரே நேரத்தில் கைநழுவ விட்ட கதை இது.

செம்பவாங் பக்கம் ஒரு சின்னப் படகுப் பட்டறையில் பொறியாளராகச் சேர்ந்திருந்தேன். மூன்று மாதம் தகுதிகாண் காலம். அங்கே விசிறிப் படகு செய்வார்கள். அடியில் தட்டையான அலுமினியம், பின்னால் ஆளுயர விசிறி. தண்ணீர், சேறு, புல் எதன்மேலும் ஓடும். பிரேக் மட்டும் கிடையாது. சேறு பிடித்து இழுக்காமலிருக்க அடிப்பாகத்துக்கு வழுக்கும் பூச்சு வேண்டும். எந்தப் பூச்சு என்று முடிவுசெய்து பூசுவது என் பொறுப்பு. வெள்ள மீட்புக்காகப் படகு பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர் இதை வாங்கினால் உன் வேலை நிரந்தரம் என்று முதலாளி லிம் சொல்லியிருந்தார்.

அடியில் பிளாஸ்டிக் தகடு வைத்துத் திருகாணியால் முடுக்குவது ஒரு வழி. அது கனம்; இடுக்கில் சேறு புகும். அதனால் உருளையால் பூசும் ரகம்தான் என்று தீர்மானித்து, ஆறு மாதிரித் தகடுகளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். சமையலறை மேசையில் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றிலும் அம்மாவின் இஞ்சிபூண்டு விழுது பாட்டிலைச் சறுக்க விட்டேன். ஐந்தாவது தகட்டில் பாட்டில் நிற்காமல் போய்க் குளிர்பதனப் பெட்டியில் மோதி உடைந்தது. (வீடு மூன்று நாள் மணத்தது.) கிடைத்துவிட்டது என் பூச்சு.

பட்டறையில் வண்ணம் பூசும் சேகர் அண்ணனும் நானும் படகைக் கவிழ்த்து, தேய்த்து, துடைத்து, பூசி வேலையை முடித்தோம். இரண்டு டப்பாக்களைக் கலந்து பூச வேண்டும். கலந்துவிட்டால் நம்மூர் வெயிலில் அரை மணி நேரத்தில் கல்லாகிவிடும். கடைசியில் கால் டப்பா மீந்தது. மீந்த மாவைக் கடைசி ஊத்தப்பமாக்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். கொட்ட மனம் வருமா? பட்டறையிலிருந்து கால்வாய்க்கு இறங்கும் சரிவுப்பாதையில் படகு உட்காரும் இரண்டு நீளக் கட்டைகளின்மேல் முழுவதையும் தடவினேன்.

"கட்டைக்கு எதுக்கு மேடம்?" என்றார் சேகர் அண்ணன்.

"வீணாப் போகுதுல்ல அண்ணே."

பூச்சு நன்றாக இறுகியபின் படகை நிமிர்த்தி அந்தக் கட்டைகளின்மேல் ஏற்றினோம். வாங்குபவர் வரும் நாள் காலையில் படகுக்குப் பூசை. அம்மா தேக்காவில் பூக்கடையில் மாலை கட்டுபவர். மகளின் முதல் படகு என்று பூசணிக்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம் சகிதம் டாக்சியில் வந்து இறங்கினார். முதலாளிக்கு ஆட்சேபம் இல்லை. எந்தச் சாமி விற்றுக் கொடுத்தாலும் அவருக்குச் சரி. அம்மாவுக்குத்தான் ஒரு சிக்கல்.

"சக்கரம் எங்கடி? எலுமிச்சம்பழத்த எதுக்கு அடியில வைக்கிறது?"

படகின் பின்விளிம்புக்குக் கீழே, கட்டைக்கு ஒன்றாக வைத்தோம். அம்மா படகுச் சாவியைப் பூசைத் தட்டில் வைத்துக் குங்குமம் இட்டார். முதலாளிக்கு விபூதி பூசி, மாலை போட்டு, உயரமான ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி உட்காரவைத்தார். படகின் மூக்கிலும் ஒரு மாலை. படகை மேலே இழுத்துப் பிடித்திருந்த பட்டை அந்த மாலைக்குக் குறுக்கே கிடந்தது. போட்டோவுக்கு நன்றாக இல்லையாம், அம்மா கழற்றச் சொன்னார்.

"வேணாம் மேடம், வழுக்கும்" என்றார் சேகர் அண்ணன்.

"அரை டன் எடை இருக்கு அண்ணே. அவ்வளவு லேசா நகராது."

(எடை கூடினால் வழுக்காது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. உயர்நிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டிலேயே படித்திருக்கிறேன். பரிசும் வாங்கியிருக்கிறேன்.)

கழற்றினேன். படகு அசையவில்லை. சேகர் அண்ணனை ஒரு பார்வை பார்த்தேன். முதலாளி புகைப்படத்துக்காகச் சற்றுப் பின்னால் சாய்ந்தார்.

சத்தமே இல்லை. அதுதான் பயங்கரம். எலுமிச்சம்பழங்கள் முறைப்படி நசுங்கின. படகு சரிவில் இறங்கித் தண்ணீரைத் தொட்டு, குறுகலான கால்வாயைக் கடந்து, எதிர்க்கரைச் சேற்றுமேட்டில் வழுக்கி ஏறி நின்றது. முதலாளி இரு கைகளாலும் மாலையைப் பிடித்திருந்தார். இயந்திரத்தைக் கிளப்பலாமென்றால் சாவி அம்மாவின் தட்டில்.

"ஆரத்தி இன்னும் எடுக்கலையே" என்றார் அம்மா.

சரியாக அந்த நேரத்தில் வாங்குபவரின் கார் உள்ளே வந்தது. வேலை போயிற்று என்று நினைத்தேன். வேறு வழியில்லாமல் சேகர் அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் போய்க் கயிறு கட்டிவிட்டு வந்தார். நாங்கள் இருவரும் வடம் பிடித்தோம். படகு சேற்றிலிருந்து வெண்ணெய்போலக் கழன்று வந்தது. மேலே விபூதியும் மாலையுமாக முதலாளி உற்சவமூர்த்தி மாதிரி அசைந்து வர, கரையில் அம்மா கற்பூரம் காட்டினார். வாங்குபவர், இழுத்தது இரண்டே பேர்தானா என்று மட்டும் கேட்டார். பிறகு கயிற்றை வாங்கித் தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

வாங்கிவிட்டார். பூச்சும் அதே ரகம்தான் வேண்டுமென்றார். மறுநாள் முதலாளி எனக்கு ஒரு கடிதம் கொடுத்தார். என் பூச்சு இனி எல்லாப் படகுகளுக்கும் உண்டு. என் தகுதிகாண் காலம் இன்னும் மூன்று மாதம் உண்டு. எனக்கு முன்னால் என் பூச்சு நிரந்தரமானது.

பட்டறைச் சுவரில் நான்கு மொழிகளில் ஓர் அறிவிப்பும் வந்தது. தமிழில் எழுதித் தந்தது நான்தான். அம்மா அதைப் படமெடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். தீபாவளிக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவார்.

"எம் பொண்ணு எழுதுனது. கம்பெனி சுவத்துல போட்டிருக்காங்க. படிச்சுக் காட்டும்மா."

நானும் முறுக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று படிப்பேன்: "பூசை முடியும்வரை பட்டையைக் கழற்றாதீர். படகில் யாரும் உட்காராதீர்."

வந்தவர் குழம்பிப்போய், "ஏன், யாரு உட்கார்ந்தா?" என்று கேட்பார்.

அம்மா அதற்காகவே காத்திருப்பார்.