மேஜர் என் மடியில் தூங்கிய நாள்

எனக்கு உட்காரத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பந்தியில் பாயசம் வருவதற்குள் எழுந்துவிடுவேன். பஸ் நிற்பதற்கு முன்பே படிக்கட்டுக்கு வந்துவிடுவேன். சர்ச்சில் கடைசி ஜெபத்துக்கு எல்லாரும் கண்ணை மூடும்போது நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். "இவன் கால்ல சக்கரத்தக் கட்டிப் பெத்துட்டேன்" என்று அம்மா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

இந்தச் சக்கரம் எங்கள் குடும்பத்தையே ஒரு மே மாதத்தில் மகாராஜபுரம் வரை இழுத்துப் போய்ச் சந்தி சிரிக்க வைத்தது.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெங்களூரில் வேலை. எந்த ஊர் என்று யாராவது கேட்டு, ராஜபாளையம் என்று சொன்னால், "ஓ, அந்த நாயா!" என்பார்கள். (என்னைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.) ஒருநாள் அலுவலகத்தில் ஒருத்தி, "நாயை விட்டால் உங்கள் ஊரில் பார்க்க வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்டாள். அவளிடம் நல்ல பெயர் வாங்க நான் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. "மலை இருக்கு, அருவி இருக்கு, அணை இருக்கு" என்று அடுக்கினேன். "எல்லாம் போயிருக்கிறாயா?" என்றாள். காப்பி வாங்கி வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலைக்கு யார் மெனக்கெட்டுப் போவார்கள்?

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் தம்பி எட்வினையும் தங்கை பிரிசியையும் பிடித்துக்கொண்டேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடுவது என்று திட்டம். "ஒரே நாள்லயாண்ணே?" என்று எட்வின் இழுத்தான். அவன் பொறியியல் கல்லூரி மாணவன். எதையும் நிதானமாகச் செய்து அரியர் வைப்பவன்.

நாங்கள் புறப்பட நினைத்த அதே நாளில் அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். அதில்தான் சிக்கல் வந்தது. சிக்கலின் பெயர் மேஜர்.

அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்ததும் வராததுமாக ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டியை வாங்கி, அதற்கு மேஜர் என்று பெயர் வைத்தார். அதனால் வீட்டில் அப்பாவைவிடப் பெரிய பதவி நாய்க்குத்தான். வெள்ளை வெளேரென்று, ரோஸ் மூக்கோடு, நெஞ்சை நிமிர்த்தி நடக்கும். அப்பா கையைத் தவிர வேறு யார் கையிலும் ஒரு பருக்கை தின்னாது. நான் கறித்துண்டை நீட்டினால் என்னைப் பார்க்கும், துண்டைப் பார்க்கும், பிறகு திரும்பிப் படுத்துக்கொள்ளும். பெற்ற அப்பாவே என்னைப் பார்க்கிற பார்வை அது.

அப்பாவுக்கு என்மேல் நம்பிக்கை கிடையாது. தண்ணீர் மோட்டாரை நான் நிறுத்தினால், நிறுத்திவிட்டேனா என்று அவர் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவார். அப்படிப்பட்டவர் அன்று காலையில் சங்கிலியை என் கையில் கொடுத்தார்.

"ஏலே, மேஜர ஒன்ன நம்பி விட்டுட்டுப் போறேன். தனியா விட்டுராத. ஊளை விட்டுத் தெருவக் கூட்டிருவான். தட்டுல சோத்த வச்சிட்டுத் தள்ளி நில்லு. திங்காட்டியும் கட்டாயப்படுத்தாத."

என் வாழ்க்கையில் அப்பா என்னை நம்பிக் கொடுத்த முதல் பொருள் அது. சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். "நான் பாத்துக்கிடுதேன்ப்பா" என்றேன்.

நாயைத் தனியாக விடக் கூடாது என்றால் நாங்கள் வீட்டில் உட்கார வேண்டும். நான்தான் உட்கார மாட்டேனே! மேஜரும் வரட்டும் என்று முடிவு செய்தேன்.

எங்களிடம் ஒரு பழைய வேன் இருந்தது. இரண்டு பக்கமும் தள்ளுகதவு. நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தேன். எட்வின் சங்கிலியைக் கழற்றிவிட்டு, இடதுபக்கக் கதவு வழியாக மேஜரை உள்ளே ஏற்றினான். பிரிசி வலதுபக்கத்திலிருந்து பாய், தண்ணீர் கேன், குளிப்பதற்கு அப்பாவின் வெள்ளை வேட்டி எல்லாவற்றையும் பின்சீட்டுக்குப் பின்னால் திணித்தாள். "ஏறியாச்சா? ஏறியாச்சா?" என்று நான் கத்தினேன். ஏறியாச்சு என்று இரண்டு பேரும் கத்தினார்கள். கதவுகள் டமார் டமார் என்று சாத்தப்பட்டன.

தெருமுனை திரும்பும்போது எதிர்வீட்டு சுப்பக்கா நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவது கண்ணாடியில் தெரிந்தது. என்ன பாசம்! நானும் கையை வெளியே நீட்டி டாட்டா காட்டினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க நிறுத்தினோம். "அண்ணே, மேஜருக்குத் தண்ணி காட்டுவோமா?" என்று பிரிசி கேட்டாள். பின்சீட்டில் அவள்தான் இருந்தாள். ஆனால் எட்டிப் பார்த்தால் மேஜர் உறுமுவான் என்ற பயத்தில், பாய்க்கு அடியில் தெரிந்த வெள்ளையை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்து, தூங்குகிறான் என்றாள். "தூங்குறவன எழுப்பாதட்டி, அணைக்குப் போய்க் குடுத்துக்கிடலாம், ஏறு ஏறு" என்று விரட்டினேன். வழியில் அவள் ஒரு குளத்தைக் காட்டினாள். எட்வின் பதநீர் விற்கும் இடத்தைக் காட்டினான். "திரும்பி வரும்போது பாப்போம்" என்று எல்லாவற்றையும் தாண்டினேன். அந்த வேகத்தில் வத்திராயிருப்பில் அணைக்குத் திரும்ப வேண்டிய கூமாப்பட்டிப் பாதையையும் தாண்டி, மகாராஜபுரம் சாலையில் போய்விட்டேன்.

ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பு ஓரம் வேனை நிறுத்தி, வழி கேட்க ஆளைத் தேடினோம். அப்போதுதான் பிரிசி தண்ணீர் கேனை எடுக்கப் பாயைத் தூக்கினாள்.

அடியில் அப்பாவின் வேட்டி இருந்தது. நாய் இல்லை.

"அண்ணே..." என்றாள். வேட்டியைத் தூக்கிக் காட்டினாள். நான் வேனுக்கு அடியில் பார்த்தேன். எஞ்சினைத் திறந்துகூடப் பார்த்தேன். (மேஜர் எஞ்சினுக்குள் எதற்குப் போகப்போகிறது என்று இன்றுவரை எனக்கும் தெரியவில்லை.) பால்கோவாக் கடையில் இறங்கியிருக்குமா, வேகத்தடையில் குதித்திருக்குமா? அப்பாவின் முகம் கண்முன் வந்தது. அப்பா திட்டுவார் என்பதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. "நெனச்சேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணே, அந்தா!" என்று எட்வின் கத்தினான்.

தோப்புக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு நாய் போய்க்கொண்டிருந்தது. அதே உயரம், அதே ஒட்டிய வயிறு, அதே ரோஸ் மூக்கு. "மேஜர்!" என்று மூன்று பேரும் அலறினோம். திரும்பிப் பார்த்தது. (மூன்று பேர் அலறினால் யார்தான் திரும்பமாட்டார்கள்?) பிறகு ஓடியது. நாங்களும் ஓடினோம். வாய்க்காலைத் தாண்டும்போது நான் மட்டும் தாண்டவில்லை. இடுப்புவரை சேறு. கடைசியில் பிரிசி பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்தாள். அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கி நான் நீட்டினேன்.

அது நின்றது. மோந்தது. வந்து என் கையிலிருந்தே தின்றது. தின்றுவிட்டு என் விரலையும் நக்கியது.

அந்த நிமிஷத்தில் நான் அடைந்த சந்தோஷம் சொல்லி மாளாது. இத்தனை வருஷம் என்னை ஏறெடுத்துப் பார்க்காத மேஜர், ஊர்பேர் தெரியாத இடத்தில் என்னைத் தன் மனிதனாக ஏற்றுக்கொண்டுவிட்டது!

"அண்ணே, மேஜர் நம்ம கையில திங்காதே" என்றாள் பிரிசி.

"பசி."

"கழுத்துப்பட்டையக் காணுமே" என்றான் எட்வின்.

"ஓடுன ஓட்டத்துல அந்துருக்கும்."

"வால வேற ஆட்டுது."

"வெளியூர் வந்த சந்தோஷம்லே! வண்டியில ஏத்து!"

அணையாவது ஒன்றாவது. மேஜரைப் பத்திரமாக வீடு சேர்க்க வேண்டும் என்று வண்டியைத் திருப்பினோம். எட்வினை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். மேஜர் என் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டது. சேறு காய்ந்து இழுத்தது, கால் மரத்துப்போனது. ஆனாலும் நான் அசையவில்லை. அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நான் உட்கார்ந்திருந்தது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

வன்னியம்பட்டி பக்கம் வரும்போது அப்பா போன் செய்தார்.

"மேஜர் எங்கலே?"

"எங்கூடதான்ப்பா இருக்கான்."

"என்ன பண்ணுதான்?"

"என் மடியில தலைய வச்சுத் தூங்குதான்ப்பா."

"ஒன் மடியிலயா?"

"ஆமாப்பா. என் கையால பால்கோவா தின்னான்."

பின்னால் அம்மா இருமுவது போலக் கேட்டது. "சரி. பத்திரமாக் கூட்டிட்டு வா" என்று வைத்துவிட்டார். அப்பா என்னிடம் போனில் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டு முன்னால் வேன் நின்றது. நாயை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, கோப்பை வாங்கி வருகிறவன் மாதிரி இறங்கினேன். வாசலில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா நின்றிருந்தாள். சுப்பக்கா நின்றிருந்தாள். அப்பாவின் காலடியில், கழுத்துப்பட்டையோடு, நெஞ்சை நிமிர்த்தி மேஜர் உட்கார்ந்திருந்தது.

மேஜர் என்னைப் பார்த்தது. என் கையில் இருந்ததைப் பார்த்தது. திரும்பிப் படுத்துக்கொண்டது.

"ஏமிரா இதி!" என்றாள் சுப்பக்கா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். அதிர்ச்சி என்றால் தமிழ் போய்விடும். பிறகு சுதாரித்துக்கொண்டு, "இந்தப் பக்கம் ஏத்துனீங்க, பிரிசி சாமான எடுக்கத் திரும்புன நேரத்துல அந்தப் பக்கக் கதவு வழியா அது பாட்டுக்கு எறங்கிருச்சு. நடுத்தெருவுல நின்னு கையக் கையக் காட்டுதேன், நீ எனக்கு டாட்டா காட்டிட்டுப் போற!" என்றாள். மேஜரைப் பிடித்துத் தன் வீட்டு வாசலில் கட்டி வைத்தவளும் அவள்தான். எனக்குப் போனும் செய்திருக்கிறாள். வண்டி ஓட்டிய வேகத்திலும் தோப்பில் ஓடிய ஓட்டத்திலும் நான் எடுக்கவில்லை. பிறகு அப்பாவுக்குச் செய்திருக்கிறாள்; அவர்கள் கல்யாணச் சாப்பாட்டைக்கூட முடிக்காமல் திரும்பிவிட்டார்கள்.

அப்பா எழுந்து வந்தார். என் கையிலிருந்த நாயை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏலே, இது பொட்டை."

நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். (மேஜரை எப்போதும் மரியாதையான தூரத்தில் நின்றே பார்த்துப் பழகியவர்கள் நாங்கள்.)

நான் "நெனச்சேன்" என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அப்பா என் சேற்றையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நாயத் தொலச்சிட்டு எங்கிட்டப் பொய் சொல்லுதியோன்னு நெனச்சேன். எம்புட்டுத் தூரம் பொய் சொல்லுதான்னு பாப்போம்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தேன். நீ நெசமாவே நம்பிக்கிட்டுல்ல இருந்துருக்க!" என்றார். பொய்யனைப் பெறவில்லை, வெறும் மடையனைத்தான் பெற்றிருக்கிறோம் என்ற நிம்மதி அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

பிறகு அப்பாவே வேனை எடுத்தார். பொழுது சாயும் நேரத்தில் மகாராஜபுரம் போய்ச் சேர்ந்தோம். தோப்பு ஓரம் ஊரே கூடியிருந்தது. வேனில் வந்த மூன்று பேர் நாயைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். "அந்தா, அதே வண்டி!" என்று நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். நான் சீட்டுக்கு அடியில் இறங்கப் பார்த்தேன். அப்பா நிமிர்ந்து இறங்கினார். எல்லையில்கூட யாருக்கும் தலைகுனியாத மனிதர், கையெடுத்துக் கும்பிட்டார்.

"நாய் திருடுறவன் இல்லைங்க. தன் வீட்டு நாய் எதுன்னு தெரியாதவன். என் மகன்தான்."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு ஊரே சிரித்தது. அதற்கு இரண்டு அடி வாங்கியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. நாய்க்குச் சொந்தக்காரியான தோப்பு வீட்டு அம்மா, "ஏட்டி பவுனு!" என்று கூப்பிட்டதும் அது துள்ளிக் குதித்துப் போனது. "இனிப்பக் காட்டுனா எமன் பின்னாடியும் போயிரும் மூதி" என்று அதைத் திட்டிவிட்டு, எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். பவுனு திரும்பி வந்து என் கையை ஒரு தடவை மோந்து பார்த்தது. பால்கோவா இல்லை என்றதும் போய்விட்டது.

கூமாப்பட்டி அணையை நான் இன்னும் பார்க்கவில்லை.

பெங்களூர்க்காரியிடம் இந்தக் கதையை நான் சொல்லவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முதல்நாள் பிரிசி சொன்னாள், நடிப்போடு. அன்றிலிருந்து நான் வீட்டுக்கு எதைக் கொண்டுவந்தாலும், வெளுக்கப் போட்ட துணியானாலும், ஸ்டேஷனில் இருந்து அழைத்துவந்த விருந்தாளியானாலும், "நம்மளுதுதானா, நல்லாப் பாத்தியா?" என்று எட்வின் ஆரம்பித்துவிடுவான்.

மகள் பிறந்து ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்றும் கேட்டான். நர்ஸ்கூடச் சிரித்தாள். மனைவி காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் யார் பிள்ளையை வாங்கிக்கொண்டு உட்காருவது என்று பேச்சு வந்தது. அம்மா கையை நீட்டினாள். அப்பா பிள்ளையை வாங்கி, அவளைத் தாண்டி என் கையில் வைத்தார்.

"நீயே வச்சுக்க. மடியில வச்சு அசையாம உக்காரத் தெரியும் ஒனக்கு" என்றார்.

பிள்ளையை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்தேன். அப்பா காரைச் சுற்றி வந்து, இந்தப் பக்கக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் போய் அதையும் சாத்தி இழுத்துப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகக் குனிந்து பிள்ளை உள்ளே இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் முன்சீட்டில் ஏறினார்.